கண் எழுதாத படகு

லீ சோன் தீவு,
மூன்றாம் மாதம், பூண்டு பிடுங்கி முடித்த மறுநாள்.

அன்பு மகள் தூய்க்கு அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் ஊரில் சளி இருமல் எதுவும் இல்லாமல், வேளைக்கு ஒரு வாய் சூடாகச் சாப்பிட்டு, தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன், திமிங்கிலச் சாமி உன் பக்கத்திலேயே இருக்கட்டும். என் முழங்கால் எப்போதும் போலத்தான், குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. ஆனாலும் பூண்டு முழுவதையும் பிடுங்கிக் காயப்போட்டாயிற்று. இந்த முறை ஒற்றைப் பல் பூண்டு நன்றாகவே தேறியது, உனக்கென்று ஒரு பை தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன், தேனில் ஊறப்போட்டுத் தினம் ஒன்று மெல்லு. நீ பார்த்துக்கொள்கிற அந்த ஜப்பான் பாட்டிக்கும் ஒன்று கொடு, வாடை அடிக்கிறது என்று முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்கு இப்போது கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உங்கப்பா பக்கத்தில் வந்து காதை நீட்டிக்கொண்டு நிற்பார். அதோடு இந்த விஷயத்தை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதினால் நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி எழுதலாம். போன வருஷம் டெட் புத்தாண்டுப் பண்டிகைக்கு வந்தபோது நீ எடுத்த அந்தப் படகுப் படத்தை அப்பா மூன்று தடவை உன்னிடம் கேட்டார். பழைய போனோடு போய்விட்டது என்று நீயும் மூன்று தடவை சொன்னாய். அப்படிச் சொல்லச் சொன்னவள் நான்தான். ஏன் என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கப்பா படம் வரைய ஆரம்பித்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். படகின் எஞ்சின் குழிக்குள் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டு, அறுபது வயதில் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தார் அல்லவா, சும்மா உட்கார்ந்தால் மனுஷர் எறும்பைக்கூடத் திட்டுவார். அப்போதுதான் படகுத்துறையில் மிஞ்சிப்போன சாயத்தை டப்பா டப்பாவாகக் கொண்டு வந்து, மீன் பெட்டி மூடியில் சேவல் வரைந்தார். தெருப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு வாத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்து என்னை உட்கார வைத்து வரைந்தார். பார்த்துவிட்டு, ஏங்க, இது நானா, எருமையா என்று கேட்டேன். எருமைன்னா அசையாம நிக்கும், நீ எங்க நின்னே என்றார். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. காலண்டரில் இருக்கிற பெண்ணைப் பார்த்துப் பார்த்து மூக்கு வரையக் கற்றுக்கொள்ளவே நாலு மாதம் ஆயிற்று. வாசலெல்லாம் சாயம், உடுத்துகிற துணியெல்லாம் சாயம் என்று நான் நாள் முழுக்கக் கத்தினாலும், உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். அந்த வயதில் ஒரு மனுஷன் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு, குளித்து வந்த பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது. உன் தம்பி கியெம் ஒருத்தன்தான் அவரைக் கேலி பண்ணியதே இல்லை. உடைந்த படகு எங்கே கிடந்தாலும் பலகையை எடுத்து வந்து பின்கட்டில் அடுக்குவான். அப்பா, இந்தப் பலகையில கடல் ஏற்கெனவே ஊறியிருக்கு, நீங்க படகு மட்டும் போட்டாப் போதும் என்பான். அவன் அடுக்கி வைத்துவிட்டுப் போனது மொத்தம் நாற்பத்திரண்டு பலகை.

அந்த டெட்டுக்கு லூவாவின் புருஷன் தாம் தன் படகைக் கரையேற்றிப் புதுச் சாயம் பூசியது உனக்கு நினைவிருக்கும். படகின் முகப்பில் கண் எழுதுகிற ஆசாரி அந்த வருஷம் மகள் வீட்டுக்குப் பெருநிலம் போய்விட்டார். தாம் விளையாட்டாக, லான் அண்ணே, ஊரே உங்களை ஓவியர்னு சொல்லுது, என் படகுக்கு நீங்களே கண்ணைத் தொறந்து விட்டுடுங்க என்று கேட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் காகிதத்தில் கண்ணாக எழுதிப் பழகினார். மீன்பிடிப் படகின் கண் கீழே தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும், சரக்குப் படகின் கண்தான் நேரே பார்க்கும். இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். அப்பாவும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, கருமணியைக் கீழே வைத்து முறையாகத்தான் எழுதினார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு போய்ப் பார்த்தேன். கியெம் அந்தப் படகில் முதல் தடவையாகத் தூரக் கடலுக்குப் போகப்போகிறான், இருபது நாள் கழித்துத்தான் வருவான் என்று நான் அப்போதே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கண் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு என்னவோ போல் இருந்தது. ஏங்க, தூங்கி வழியிற மாதிரி இருக்கே, கொஞ்சம் மேல தூக்குங்க, கரையைப் பாக்கட்டும், நம்ம வீட்டைப் பாக்கட்டும் என்றேன். இவ்வளவு என்று கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். துணியால் துடைத்துவிட்டுத் தூக்கி எழுதினார். நீ அப்போதுதான் படம் எடுத்தாய். கியெம் படகின் மேலே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு சிரிக்கிறான், அப்பா தூரிகையோடு நிற்கிறார், ஓரத்தில் உயர்த்தின என் கை விழுந்திருக்கிறது. துறையில் இருந்தவர்கள், என்னப்பா, மீன் பிடிக்கப் போகுதா, மூட்டை ஏத்தப் போகுதா என்று கேட்டுச் சிரித்தார்கள். தாம்கூட, இருக்கட்டும், லான் அண்ணன் வீட்டைப் பாத்துக்கிட்டே இருக்கும், வழி தப்பாது என்று சிரித்தார். நீ பண்டிகைக் கூத்து என்று எடுத்த படம் எனக்கு எதிரான சாட்சியாகிப் போனது.

மற்றது உனக்குத் தெரியும். இரண்டாம் மாதம் பதினேழாம் தேதி தாமும் கியெமும் போனார்கள், ஒன்பதாம் நாள் காற்று அடித்தது, மற்றப் படகெல்லாம் வந்தது, அது வரவில்லை. நீ வந்து பன்னிரண்டு நாள் கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாய். ஒரு பலகைத் துண்டுகூடக் கரைக்கு வரவில்லை. அதற்குப் பின் நடந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. மூன்று மாதம் தூரிகையைத் தொடாமல் இருந்த மனுஷர் ஒரு காலையில் கியெம் அடுக்கின பலகையில் ஒன்றை உருவி எடுத்து, கடல் மட்டும் வரைந்தார். நடுவில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி. ஈ என்று நினைத்துத் துடைக்கப் போனேன். தொடாதே, அது படகு என்றார். அடுத்த பலகையில் புள்ளி மிளகளவு ஆனது. பிறகு பூண்டுப் பல்லளவு ஆனது. நேரே நம்மைப் பார்த்துத்தான் வருகிறது. பின்கட்டிலிருந்து வாசல்வரை வரிசையாக ஆணி அடித்து மாட்டினார், ஒவ்வொரு பலகையிலும் படகு கொஞ்சம் கொஞ்சம் கிட்டே வந்தது. இருபது தாண்டின பிறகுதான் நான் கவனித்தேன், படகுக்குக் கண்ணே இல்லை. பச்சை இருக்கிறது, சிவப்புக் கோடு இருக்கிறது, எண்கூட இருக்கிறது, கண் இருக்க வேண்டிய இடம் வெறும் பலகை. அன்றைக்குக் கண் எழுதின அதே வெள்ளை டப்பாவும் கறுப்பு டப்பாவும் மேலே பாலாடை மாதிரி ஆடை கட்டிப்போய்க் கட்டிலுக்கு அடியில் கிடந்தன, பெருக்கும்போது நகர்த்தினால்கூட அவருக்குக் கோபம் வரும். தூய், நான் பயந்தவள் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் கண்ணில்லாத ஒன்று நம் வீட்டைத் தடவித் தடவித் தேடிக்கொண்டு வருகிற மாதிரி எனக்குப் பட்டபின், அந்தச் சுவர் ஓரமாக என்னால் நடக்க முடியவில்லை. அவர் வெளியே போனால் பாயை எடுத்து மூடி வைப்பேன். உலை வைக்கும்போது ஈரக் கயிறும் டீசலும் சேர்ந்த வாடை வரும், கியெம் வந்து நின்றால் வருமே, அந்த வாடை. சாயத்தின் வாடைதான் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். ஆனாலும் மேசையில் மூன்று கிண்ணம் வைத்திருப்பேன், எப்போது வைத்தேன் என்று தெரியாது. வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டே ஒரு வருஷம் ஆகிறது.

தாமின் மனைவி லூவா தினம் காலையில் வந்துவிடுவாள். பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுக்கொண்டு அன்றைய பலகைக்கு எதிரே உட்காருவாள். அண்ணே, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்பாள். பவளத் திட்டைத் தாண்டிடுச்சு என்று இவர் சொல்வார், ஏதோ துறையில் நின்று பார்க்கிறவர் மாதிரி. அவள் வீட்டுக்குப் போய்ப் புருஷன் சட்டையைத் துவைத்துக் காயப்போடுவாள். மண் உரு செய்கிற கீ ஐயா மூன்று தடவை வந்தார். உடம்பு கிடைக்காதவர்களுக்கு நம் தீவில் செய்கிற மாதிரி மலை மண்ணெடுத்து, முசுக்கட்டைக் குச்சியை எலும்பாக வைத்து உரு பிடித்து, உடுத்திப் பெட்டியில் வைத்துப் புதைத்துவிடலாம், பிள்ளைகளுக்குப் படுக்க ஒரு இடம் வேண்டாமா என்றார். ஒரே படகுல போனவங்க ஒரே நாள்லதான் மண்ணுக்குள்ள போகணும், ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தரைப் புதைச்சா விட்டவர் தண்ணியிலேயே அலைவார் என்றும் சொன்னார். வந்துக்கிட்டிருக்கிறவங்களுக்கு எதுக்குங்க குழி என்று கேட்டு அப்பா அவரை அனுப்பிவிட்டார். லூவாவும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

போன மாதம் நாற்பத்தோராவது பலகையில் படகு அவ்வளவு கிட்டே வந்து, ஆட்கள் தெரிந்தார்கள். முன்பக்கம் ஒருவன் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறான், எஞ்சின் பக்கம் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். லூவா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரு முகம் எங்க அண்ணே என்று கேட்டாள். திரும்பலையேம்மா, நான் என்ன பண்ண என்றார் அப்பா. கரை தெரிஞ்சதும் முதல் ஆளா எந்திரிச்சு நின்னு என்னைத் தேடுவாரு, முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு நாளும் வந்தது கிடையாது, அது என் புருஷன் இல்லை என்று சொல்லிவிட்டு முக்காலியைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் தலையில் துக்கத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். எனக்குக் களைச்சுப் போச்சு அண்ணே, நான் அவரைப் புதைக்கணும், நீங்க சரின்னு சொன்னாத்தான் கீ ஐயா மண்ணுல கை வைப்பாரு என்றாள். அப்பா, இன்னும் ஒரு பலகை பாக்கி இருக்கு என்றார். அவளுக்கு வந்ததே கோபம். பலகை முடிஞ்சா என்ன பண்ணுவீங்க, சுவத்துல வரைவீங்களா, அதுவும் முடிஞ்சா என் முதுகுல வரைவீங்களா, ஒரு வருஷமா அந்த மனுஷனைப் படுக்க விடாம உங்க பலகையில ஆட்டி வெச்சிருக்கீங்களே, கண்ணாவது எழுதினீங்களா என்று கத்தினாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, கண்ணைப் போன தடவை என் பெருமைக்காகத் தூக்கி எழுதிட்டேன், ஊர் பாக்கணும்னு எழுதினேன், அதுக்கு வழி தெரியாமப் போச்சு, இந்தத் தடவையும் தப்பா எழுதினா திரும்பிப் போயிடும், அதான் கை வரலை என்றார். காத்துல போன படகுக்கு உங்க கண்ணு என்ன பண்ணும், ஆசாரி எழுதின கண்ணோட போன படகு எத்தனை வரலை, எண்ணிப் பாருங்க என்றாள் லூவா.

நான் அடுப்பங்கரை வாசலில் முதலில் பிடுங்கின பூண்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பெருமைக்காக என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. பதின்மூன்று மாதம், தூய், ஊரில் யார் யாரோ வந்து அவரிடம் கேட்டார்கள், திட்டவும் செய்தார்கள், ஒரு தடவைகூட அவர் என் பெயரைச் சொல்லவில்லை. அவருக்கு மறந்துவிட்டது என்றே நான் நினைத்திருந்தேன். மறந்தது நல்லது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், கேடுகெட்டவள். அன்றைக்கு என்னால் முடியவில்லை. எழுந்து போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, தூக்கி எழுதச் சொன்னது நான், அவர் முறையாத்தான் எழுதியிருந்தார், நான்தான் கையைக் காட்டித் தூக்கச் சொன்னேன், வீட்டைப் பாக்கட்டும்னு சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது என் கை தானாக உயர்ந்து அதே மாதிரி நின்றது, மற்றக் கையால் அதைப் பிடித்துக் கீழே இறக்கினேன். லூவா என்னையே பார்த்தாள். முக்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பா மட்டும் என் பெயரைச் சொல்லி, தெரியும் போங் என்றார். எப்படிங்க, மறந்துட்டீங்கன்னு இருந்தேனே என்றேன். எப்படி மறக்கும், நாளைக்கு ஊரே வந்து கேட்டாலும் தூரிகை பிடிச்சவன் பேரைத்தான் கேக்கணும், பெத்தவ பேரை எவனும் கேக்கக் கூடாது, தூய்கிட்ட அந்தப் படத்தை எதுக்குக் கேட்டேன்னு நினைச்சே, உன் கை அதுல இருக்கு, யாராவது பாக்கறதுக்கு முந்தி அழிச்சிடலாம்னுதான் என்றார். நான் எதற்கு ஒளித்தேனோ அதற்காகவேதான் அவர் தேடியிருக்கிறார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். கியெம் போனதற்குக்கூட நான் அப்படி அழவில்லை.

மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால் லூவா நிற்கிறாள். முகம் வீங்கியிருந்தது. கையில் முசுக்கட்டைக் குச்சி இரண்டு கட்டு. ஒன்றை என் கையில் வைத்து, கியெமுக்கும் சேத்தே வெட்டிட்டேன் அக்கா, கீ ஐயாகிட்ட நீங்களே குடுத்துடுங்க என்றாள். மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கட்டிலுக்கடியில் இருந்து அந்த இரண்டு டப்பாவையும் எடுத்து, ஆடையைக் கத்தியால் கிழித்துவிட்டு, கடைசிப் பலகையை மடியில் வைத்துக்கொண்டார். படகின் முன்பக்கம் மட்டும்தான், பலகை நிறைய. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார். கடைசியில் கண். ஊதுவத்தி ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். வெள்ளை வைத்தார், கறுப்பைத் தொட்டுக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். கருமணியை அடியில் வைத்தார், கீழே தண்ணீரைப் பார்க்கிற மாதிரி. மீன் பிடிக்கத்தான் இனி யாரும் போகவில்லையே என்று என் வாய் சும்மா இருக்காமல் கேட்டது. மீனுக்கு இல்லை, அவங்க இருக்கிற இடத்தைப் பாக்கட்டும் என்றார். அதோடு தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார்.

நான்காம் மாதம் பன்னிரண்டாம் தேதி நாள் குறித்திருக்கிறது. கீ ஐயா வந்து உன் தம்பியின் உயரம் கேட்டார், கதவு நிலையில் நீங்கள் இருவரும் போட்டியாகக் கீறின கோட்டைக் காட்டினேன், கயிற்றால் அளந்துகொண்டு போனார். உருவுக்கு அந்த நீலச் சட்டையைப் போடலாம் என்றிருக்கிறேன், கழுத்துப் பொத்தான் இல்லை, தைத்துவிடுவேன். நீ எப்படியாவது பத்து நாள் விடுப்பு எழுதிக்கொடுத்து முந்தின நாளே வந்துவிடு. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இதை அப்பாவிடம் சொல்லாதே. கண் வந்த பிறகு எனக்குப் பயம் போய்விட்டது, அந்தச் சுவர் ஓரமாக நடக்கிறேன், கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டுப் பார்த்தேன். ஆனால் அந்தப் பலகைக்கு எதிரே எங்கே போய் நின்றாலும் படகு என்னைப் பார்ப்பதில்லை. இடதுபக்கம் நின்றேன், குனிந்து நின்றேன், இந்த முழங்காலோடு தரையில் படுத்துக்கூடப் பார்த்தேன். அது கீழேயே பார்த்துக்கொண்டிருக்கிறது. வராமல் போனாலும் வீட்டைப் பார்த்துக்கொண்டே போனது என்று ஒன்று இத்தனை நாள் என்னிடம் இருந்தது, அதுவும் இப்போது இல்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாளை மறுபடி எடுத்துவிட்டேன்.

சரி, நிறைய எழுதிவிட்டேன், கை வலிக்கிறது. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, அந்தப் பாட்டி கத்தினால் பதிலுக்குக் கத்தாதே, வயதானவர்கள் பயத்தில்தான் கத்துவார்கள். நீ போகிற வழியெல்லாம் காற்று அடங்கியிருக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் நன்றாக இருக்கட்டும், நூறு வயது இரு. வரும்போது அந்தப் படத்தைக் கடையில் கொடுத்து இரண்டாகப் போட்டு வா. ஒன்று பூசை மாடத்துக்கு, கியெம் முகம் மட்டும் பெரிதாக. இன்னொன்று முழுப் படமாக இருக்கட்டும், படகின் கண் தெளிவாகத் தெரியட்டும், அதை எனக்கென்று வைத்துக்கொள்வேன். ஓரத்தில் யாருடைய கையோ குறுக்கே வருகிறது, எடுத்துவிடட்டுமா என்று கடைக்காரன் கேட்பான். எடுக்கச் சொல்லாதே.

இப்படிக்கு,
கதவைத் திறந்து வைத்திருக்கும் உன் அம்மா,
போங்